மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு மாறியதும் காணாமல் போன புள்ளிகள்

நேற்று இரவுதான் முடிந்தது. ஒரு சிறுபத்திரிகையின் சந்தாதாரர் பட்டியலை, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய 5.5 சர்வரிலிருந்து 8.0-க்கு மாற்றும் வேலை. டம்ப் (தரவு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்த நகல்) எடுத்ததும் ஏற்றியதும் அரை மணி நேரம். மீதி நான்கு நாளும் தமிழ் எழுத்தோடு போராட்டம்.

புதிய சர்வரில் பட்டியலைத் திறந்தால் ஒரு பெயர்கூடத் தமிழில் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி அந்த ‘ஏ’ என்று வரிசையாக ஓடுகிறது. பழைய சர்வரில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் அதை மூட ஐந்து நாள்தான் இருந்தது.

ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி எண்ணில் 40 நிமிடம் காத்திருந்தேன். எடுத்தவர் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “டேபிளை யூடிஎஃப்8எம்பி4-க்கு கன்வெர்ட் பண்ணுங்க சார், சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யூடிஎஃப்8எம்பி4 என்பது எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் குறிமுறை. நம்பிச் செய்தேன். அதுவரை திரையில் மட்டும் தெரிந்த குப்பை, இப்போது டேபிளிலேயே பதிந்துவிட்டது.

நடந்தது இதுதான். டேபிள் லேட்டின்1, அதாவது ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிடும் மேற்கு ஐரோப்பியக் குறிமுறை. பழைய நிரலும் லேட்டின்1 இணைப்பில்தான் பேசியது. தமிழ் எழுத்தின் பைட்டுகளை இரண்டு பக்கமும் தொடாமல் வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் இத்தனை வருடமும் தப்பு வெளியே தெரியவில்லை. 8.0-இல் இணைப்பு யூடிஎஃப்8எம்பி4. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (‘அ’, ‘க’ போன்ற எழுத்தோ, புள்ளியோ, உகரக் குறியோ) உள்ளே மூன்று பைட். அதை மூன்று லேட்டின் எழுத்தாக நினைத்து மாற்றினால் இப்படித்தான் வரும்.

எனவே எதையும் தொடும் முன் ஹெக்ஸ் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். ‘அ’ என்றால் ஈ0 ஏஈ 85 என்று வர வேண்டும். சி3 ஏ0 என்று தொடங்கினால் இரண்டு முறை மாறிவிட்டது என்று பொருள். கன்வெர்ட் செய்த பிறகு எனக்கு எல்லா வரியும் சி3.

அடுத்த இரவு இன்னொரு வீண் வேலை. டம்ப் கோப்பையே ஐகான்வ் என்ற குறிமுறை மாற்றும் கருவி வழியாக, லேட்டின்1-ஐ ஒத்த விண்டோஸ் 1252 எழுத்து அட்டவணைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாதியில் பிழை வந்து நின்றது. மாற்ற முடியாததை விட்டுவிடச் சொல்லி மறுபடி ஓட்டினேன். தமிழ் வந்தது, ஆனால் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி! புள்ளியின் மூன்றாவது பைட் 8டி, உகரக் குறிக்கு 81, ஏ-வுக்கு 8எஃப், ஐ-க்கு 90. அந்த அட்டவணையில் இந்த நான்கு இடங்களும் காலி. மைஎஸ்க்யூஎல்லின் லேட்டின்1 இவற்றை விடாமல் வைத்திருக்கும், ஐகான்வ் வைத்திருக்காது. தமிழ் டம்ப்பில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் டம்ப்பை மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். ஹெக்ஸ் ஈ0 என்று வந்ததைப் பார்த்த பிறகு, டேபிளின் பெயர்ப் பத்தியை முதலில் வார்பைனரியாக (வெறும் பைட் வகை) மாற்றி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 வார்கேராக (எழுத்து வகை) மாற்றும் வழிக்கு வந்தேன். பைனரிக்கு எழுத்து என்ற கணக்கே கிடையாது, அதனால் பைட்டை அது தொடாது.

முதல் மாற்றம் உடனே நடந்தது. இரண்டாவதில் 1366 பிழை, அதாவது செல்லாத எழுத்து இருக்கிறது என்ற புகார். அதற்குக் காரணம் பத்தியின் பழைய அளவு. வார்கேர் 50 என்று இருந்தது. லேட்டின்1-இல் அது 50 பைட், தமிழுக்குப் பதினாறு குறியீடும் இரண்டு பைட்டும்தான். பழைய சர்வரில் கண்டிப்பு முறை (அளவு மீறிய தரவை ஏற்காமல் பிழை காட்டும் அமைப்பு) இல்லாததால் நீளமான பெயர்களை ஓசையில்லாமல் வெட்டிவிட்டிருக்கிறது. வெங்கடசுப்பிரமணியன் என்பவர் ‘வெங்கடசுப்பிரமணி’யும் அரை ‘ய’வுமாக நின்றார். பைட் எண்ணிக்கையைச் சொல்லும் லெங்த் சரியாக 50 வரும் வரிகளைத் தேடினேன், 37 கிடைத்தன.

வெட்டுப்பட்ட பகுதி எந்த சர்வரிலும் இல்லை. ஆனால் பத்திரிகை ஆசிரியர் வீட்டுப் பரணில் பழைய ரசீதுப் புத்தகங்களை வைத்திருந்தார். அவர் சந்தா எண்ணைச் சொல்லி ஒவ்வொரு பெயராகப் படிக்க, நான் அந்த வரிகளில் அரை எழுத்தை நீக்கி, பத்தியை 100 ஆக்கி மாற்றிவிட்டு, முழுப் பெயர்களை அடித்தேன். வெங்கடசுப்பிரமணியனைச் சேமித்ததும் லெங்த் பார்த்தேன். பத்தொன்பது குறியீடு, 57 பைட்.