முக்திநாத்திலிருந்து சோன்பூர் வரை, கண்டகியோடு

நேபாளத்து முக்திநாத் போகிறவர்களில் பலர் ஜோம்சோம் வரை விமானம், அங்கிருந்து ஜீப், சேவித்ததும் அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். கோயில் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, வயதானவர்களுக்கு அதுவே பெரிய பாடுதான். ஆனால் உடம்பு இடம் கொடுத்தால் கண்டகி ஆற்றின் கூடவே கீழே இறங்கி வாருங்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான், இங்கே பெருமாள் சன்னதிக்குள் மட்டுமா இருக்கிறார், ஆறு முழுக்க அவர்தானே.

கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகள். ஐஸ் தண்ணீர். குனிந்தபடி ஒவ்வொன்றாக நனைந்துகொண்டே ஓட வேண்டும், பாதியிலேயே தலை மரத்துப்போகிறது, வாய் மட்டும் நாராயணா நாராயணா என்கிறது. அப்புறம் இரண்டு குளங்களிலும் முழுக்கு, பிறகு பெருமாள் ஸ்ரீமூர்த்தியின் சேவை. பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், பெண் துறவிகளும் இங்கே கைங்கரியம் செய்கிறார்கள்.

கீழே காக்பேனியில், முக்திநாத் பக்கமிருந்து வரும் ஓடை கண்டகியில் சேருகிறது. பித்ரு காரியம் செய்பவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள், உச்சிக்குப் பிறகு காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆறு கரிய வண்டலோடு ஓடுகிறது. கரையில் ஒரு கரிய கல்லை எடுத்துக் கழுவினேன், பெருமாளாகவே பூஜிக்கும் சாளக்கிராமம், ஓரத்தில் வரிவரியாகச் சக்கரம், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரியின் புதைபடிவம், 10 கோடி ஆண்டுக்கும் முந்தையது என்கிறார்கள் புவியியலாளர்கள். கடலில் பள்ளிகொண்டவன் மலைமேல் கல்லாகக் கிடைக்கிறான் என்றால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அங்கிருந்து ஆறு தவளகிரிக்கும் (8,167 மீட்டர்) அன்னபூர்ணாவுக்கும் (8,091 மீட்டர்) நடுவே புகுந்து போகிறது, மலை உயர உயர அறுத்துக்கொண்டே வந்த ஆறு இது. தேவ்காட்டில் திரிசூலி கலந்ததும் பெயரே நாராயணி. கடைசிக் காலத்தை அங்கேயே கழிக்க வந்த முதியவர்கள் படித்துறையில் ஜபம் செய்துகொண்டிருந்தார்கள், விட்டு வர மனமே இல்லை.

சித்வன் காட்டைத் தாண்டி, 1959 இந்திய-நேபாள ஒப்பந்தப்படி கட்டிய வால்மீகிநகர் தடுப்பணையையும் கடந்தால் பீகார் சமவெளி. ஹாஜிபூருக்கும் சோன்பூருக்கும் நடுவே கண்டகி கங்கையில் கலக்கிறது. கஜேந்திர மோட்சம் நடந்தது இங்கேதான் என்பது அந்த ஊர் நம்பிக்கை, நமக்குத் தஞ்சைப் பக்கத்துக் கபிஸ்தலம் போல. ஹரியும் ஹரனும் சேர்ந்திருக்கும் ஹரிஹரநாதர் கோயிலில் கார்த்திக பௌர்ணமிக்குப் பெரிய மேளா கூடும். நின்று நிதானமாகச் சேவிக்க வேண்டுமானால் மேளா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.