சோடியம் பைகார்பனேட் டிரிப்ஸும் அப்பாவின் யூரின் பேக்கும்

கரண்ட் போன இருட்டில் ஓம வாட்டர் என்று நினைத்து அப்பா ஒரு மடக்குக் குடித்தது விண்டர்கிரீன் தைலம். முட்டிவலிக்குத் தேய்க்க ஊட்டியிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் வாந்தி, வியர்வை, காதில் வண்டு ரீங்காரம். அப்புறம் மூச்சு வாங்கியது. பக்கத்து கிளினிக்கில் வீசிங் என்று நெபுலைசர் வைத்தார்கள். அம்மா பாட்டிலைப் பையில் போட்டு எடுத்து வந்ததுதான் நல்லதாகப் போயிற்று.

திருவலத்திலிருந்து காட்பாடி நெரிசலைத் தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து வேலூருக்கு 108-ல் வந்தோம். எமர்ஜென்சியில் இளம் டாக்டர் பாட்டிலை மோந்து பார்த்ததுமே சுறுசுறுப்பானார். இந்தத் தைலத்தில் ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமாம். மூச்சு வாங்கியது ஆஸ்துமாவால் அல்ல, மூளையின் சுவாச மையத்தையே அது தூண்டிவிட்டிருக்கிறது.

சோடியம் பைகார்பனேட் டிரிப்ஸ் ஏறியது. "சோடா உப்புதானே, தண்ணியில கரைச்சுக் குடிக்கக் குடுத்தா ஆவாதா?" என்று கேட்டார் சித்தப்பா. கூடவே கூடாது, வாய்வழியே கொடுத்தால் வயிற்றில் மிச்சமிருக்கும் தைலம் இன்னும் வேகமாக ரத்தத்தில் சேரலாம் என்றார் டாக்டர்.

அவர் விளக்கியது இது. ஆஸ்பிரினைப் போலவே இந்தத் தைலமும் உடம்பில் சாலிசிலேட்டாக மாறும், அது அமில வகை. சிறுநீரும் அமிலமாக இருந்தால், கிட்னி வடிகட்டி அனுப்பியது வழியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சிறுநீரைக் காரமாக்கினால் சாலிசிலேட் மின்னூட்டம் பெற்ற நிலைக்கு மாறிவிடும், சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாது. ரத்தமும் சற்றுக் காரமாக இருந்தால் மூளைக்குள் போவது குறையும்.

சிறுநீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.5-க்கு மேல் வர வேண்டும், 8.5-ஐத் தாண்டக் கூடாது. மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து யூரின் டியூபிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நிறம் மாறிக் காட்டும் ஸ்டிரிப்பில் விடுவார். அந்தச் சின்னக் கட்டம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது, அதாவது இன்னும் அமிலம்தான். டிரிப்ஸ் போகிறது, நிறம் அசையவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. உடம்பு பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, பதிலுக்கு அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுமாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பாட்டில் பைகார்பனேட் ஏற்றினாலும் சிறுநீர் காரமாகாது. பொட்டாசியம் சேர்த்ததும் கை நரம்பு எரிகிறதென்று அப்பா முனகினார். சிஸ்டர் வேகத்தைக் குறைத்துவிட்டார். விடியற்காலையில் கட்டம் பச்சையாகி, அப்புறம் நீலம் கலந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நிறத்துக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் டயாலிசிஸ் பிரிவுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். நினைவு தடுமாறினாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, கிட்னி ஒத்துழைக்காவிட்டாலோ காத்திருக்க மாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த நிலைமை வரவில்லை. ரத்தத்தில் சாலிசிலேட் அளவு ஒரு முறை இறங்கியதோடு விடவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்து, தொடர்ந்து இறங்குவது உறுதியான பிறகே டிரிப்ஸை நிறுத்தினார்கள். காது இரைச்சல் மெல்ல அடங்கியது. வார்டுக்கு மாற்றியதும் அப்பா முதலில் கேட்டது அந்த யூரின் டியூபை எப்போது எடுப்பார்கள் என்றுதான்.