ஒரே மூச்சில் எத்தனை?

2024 தைப்பூசம் ஜனவரி 25-ல் வந்தது. சிங்கப்பூரில் அன்று பொது விடுமுறை கிடையாது. ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவிலுக்குப் போய் வந்தேன். ஊரில், ஈரோட்டுப் பக்கம் இருக்கிற சென்னிமலை முருகன் கோவில் தேர்த் திருவிழாவுக்குப் போக முடியாத ஏக்கம் இங்கே காவடிகளைப் பார்த்ததில் கொஞ்சம் தீர்ந்தது.

அடுத்த வாரம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மாத்திரை போட்டதும் நின்றது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி நடுவில் இரண்டு பாதங்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. நான் எலக்ட்ரீசியன், நாள் முழுக்க ஏணியில் நிற்கிற வேலை, அதனால்தான் என்று நினைத்தேன். காட்டிய கிளினிக்கிலும் அப்படியே சொல்லி வலி மாத்திரையும் வைட்டமினும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் முழங்கால் மடிந்து தரையில் விழுந்தேன். பக்கத்துக் கட்டில் புதுக்கோட்டைத் தம்பி என்னைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு டாக்சி பிடித்தான். அவனுக்கு அன்றைக்குச் சம்பளம் போச்சு. அதைப் பற்றி அவன் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

டாக்டர் ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். வயிற்றிலோ சளியிலோ வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் நம் நரம்பையே தாக்கிவிடுகிறது. வார்டில் மலேசியாவின் ஈப்போவில் இருந்து வந்த தமிழ் நர்ஸ் அக்கா ஒருவர், என் வேலையைக் கேட்டுவிட்டு, "வயர் மேல இருக்கிற உறை உரிஞ்சு போன மாதிரி தம்பி, உள்ள கம்பி இருக்கு, கரண்டு போகல" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த நோய் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சு வரை ஏறினால் மூச்சு நின்றுபோகலாம். நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்று சொன்னார்கள். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதச் சொல்வார்கள். கூடவே இன்னொரு சோதனையும் உண்டு. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். "தமிழ்லயே எண்ணுங்க தம்பி" என்பார் அந்த அக்கா. முதல் ராத்திரி 28 வரை போனேன். மறுநாள் 19. அதற்கடுத்த ராத்திரி 14.

சென்னிமலைக்கு 1,320 படி. சின்னப் பையனாக அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டியின்) கையைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு படியையும் சத்தமாக எண்ணுவேன். நடுவில் எண்ணிக்கை தப்பிவிடும். அழுதுவிடுவேன். "உட்டுட்டுப் போ சாமி, முருகன் கணக்குப் பாக்கமாட்டான்" என்பார் அம்மிச்சி. 14-லேயே மூச்சு முடிந்துபோன அந்த ராத்திரியில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் குரல்தான். ஆனால் நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் படி ஏறிய கால்தானே இது, ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். கண்ணைத் துடைக்கக் கை மேலே வரவில்லை. இப்படிக் கேட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. பெற்றவனிடம்தானே கேட்க முடியும்.

அதற்குள் மருந்து ஏற ஆரம்பித்திருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் மாதிரி இருந்தது, ஆட்டினால் நுரைக்கும். ஐ.வி.ஐ.ஜி. என்று பெயர், ரத்தக் குழாயில் ஏற்றும் எதிர்ப்புப் புரதம். 70 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 28 கிராம், ஐந்து நாளைக்கு 140 கிராம். இது எதிலிருந்து செய்கிறார்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "மனுஷங்க குடுத்த ரத்தத்துலருந்துதான். ஆயிரக்கணக்கான பேரோடதை ஒண்ணாச் சேர்த்துப் பிரிச்சு எடுக்கிறாங்க."

அதற்குப் பிறகு அந்தப் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கியது. எந்த நாட்டுக்காரரோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ. வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கையை நீட்டிப் படுத்திருப்பார்கள். யாருக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. முருகா, நீ வேலோடும் மயிலோடும் வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ ஆயிரம் பேராக வந்து என் கையில் இறங்கிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அழுதேன். இந்தத் தடவை கோபம் இல்லை.

ஐந்தாம் நாள் 17. ஒரு வாரத்தில் 25. வென்டிலேட்டர் வைக்கவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருக்கும் தொழிலாளிகளுக்கு முதலாளிதான் மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 2023 ஜூலை 1-ல் இருந்து புதிதாக எடுக்கும், புதுப்பிக்கும் பாலிசிகளுக்கு வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் வரை காப்பீடு இருக்க வேண்டும். அதற்கு முன்பு வெறும் 15,000. என் பில் அந்த வரம்புக்குள் அடங்கியது. ஆறு மாதம் வேலை செய்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளையும் சேர்த்து வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இது சட்டம், சலுகை இல்லை. கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் பாலிசியின் நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் ஏசி குளிர் தாங்கவில்லை என்று சொன்னதும், புதுக்கோட்டைத் தம்பி என் பெட்டியில் இருந்த சென்னிமலைப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டான். அம்மிச்சி கொடுத்துவிட்டது. கட்டம் போட்டது, துவைத்துத் துவைத்துச் சாயம் மங்கியது. பல நாள் அது காலின் மேல் கிடப்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் விடியற்காலையில் இடது கட்டைவிரலில் ஏதோ சொரசொரவென்று உரசியது. போர்வையின் ஓரத்து நூல். மறுபடி உரசட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உரசியது.

ஏப்ரலில் சக்கர நாற்காலியில் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கினேன். அம்மிச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல். பக்கத்தில் வந்து முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, குனிந்து என் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டார். "கூசுதா சாமி?" என்றார். கூசுகிறது என்றேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம், வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய வார்த்தை. அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

அப்புறம் ஈரோட்டில் பிசியோதெரபி, வாரத்துக்கு ஐந்து நாள், எட்டு மாதம். வலிக்கும், சலிப்பாக இருக்கும், வேறு வழி இல்லை. இடையில் ஒருநாள் என் தம்பி தானாகவே பெரியாஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்தான். என்னிடம் சொல்லக்கூட இல்லை, முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன கிருத்திகைக்குச் சென்னிமலைக்குப் போனோம். அம்மிச்சி அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊன்றுகோலோடு 412 படி ஏறினேன். நடுவில் எண்ணிக்கை ஒருமுறை தப்பியது, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். அடுத்த கிருத்திகைக்கும் போகிறோம்.