கூடுதல் சத்தத்துக்குக் கணக்குக் கேட்ட சார்

எங்கள் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது பிளஸ் டூ இயற்பியல் சார் நடத்திய ஒத்ததிர்வுப் பாடம்தான்; ஒன்றின் அதிர்வுக்கு இன்னொன்று இசைந்து பலமாக அதிர்வதுதான் ஒத்ததிர்வு.

ஆய்வு என்னவோ எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். உயரமான ஜாடியில் தண்ணீர், அதற்குள் நேராக ஒரு குழாய், 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் விநாடிக்கு 512 முறை அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) ரப்பரில் தட்டிக் குழாயின் வாய்க்கு மேல் பிடித்தபடி குழாயை மெதுவாக உயர்த்திக்கொண்டே வரவேண்டும். தண்ணீருக்கு மேல் காற்று ஏறக்குறைய 16 செ.மீ. வந்ததும், அதுவரை காதருகே வைத்தால்தான் கேட்ட ரீங்காரம் கடைசி பெஞ்சு வரை கேட்கும். கொஞ்சம் தாண்டினால் போய்விடும், மறுபடி 50 செ.மீ.க்குப் பக்கத்தில் ஒருமுறை எழும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரட்டித்து 512 ஆல் பெருக்கினால் ஒலியின் வேகம், நம் ஊர் வெயிலில் விநாடிக்கு 350 மீட்டருக்குக் கிட்ட. ரெக்கார்டு நோட்டுக்கு அது போதும்.

சாருக்குப் போதாது. "கூடுதல் சத்தம் எங்கேர்ந்துடா வந்தது?" என்பார். ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டியில் பொருத்திய கவையையும் கையில் பிடித்த கவையையும் ஒரே மாதிரி தட்டச் சொல்வார். பெட்டி மேல் இருப்பது உரக்கப் பேசிவிட்டுச் சீக்கிரம் அடங்கிவிடும், கையில் இருப்பது காதருகே கொண்டுபோனால் இன்னும் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். சக்தி புதிதாக வரவில்லை, இருந்ததே வேகமாக வெளியே போகிறது. சூத்திரத்தை விட இதுதான் பாடம் என்று இன்றும் நம்புகிறேன்.

இப்போது ஈசூனில் எங்கள் புளோக்குப் பிள்ளைகளுக்கு வாளித் தண்ணீர், பிவிசி குழாய், கைப்பேசியில் 512 ஹெர்ட்ஸ் ஒலி என்று செய்துகாட்டுகிறேன். சத்தம் எழும் இடத்தில் எல்லாருக்கும் கண் விரிகிறது. ஆனால் கைப்பேசிக்கு பேட்டரி ஊட்டிக்கொண்டே இருப்பதால் ஒலி அடங்குவதே இல்லை, சாரின் கேள்வியே எழாது! அதற்காகவே கவையும் பெட்டியும் வாங்கினேன்.

அப்புறம், வீணை கற்கும் ஒரு பிள்ளை, "அப்போ வீணையோட குடமும் இந்தக் குழாய் மாதிரியா அங்கிள்?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. குழாய் தனக்குப் பொருந்திய ஒலிகளை மட்டும்தான் தூக்கும், குடமும் அப்படி இருந்தால் ஒரு சுவரம் மட்டும் அலறும், மற்றவை முனகும். பலா மரக் குடம் எல்லாச் சுவரத்துக்கும் அசைந்துகொடுக்க வேண்டும். ஆனாலும் சில இடங்களில் கூடுதலாக அதிராமல் இருக்காது. வீணையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், குடத்தில் கை வைத்து ஒவ்வொரு சுவரமாகப் பார்த்துவிடலாம்.