பொய்யான 4.1, நிஜமான 4.2

லிடில் சின்ட்ரோம். சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்துக்கொண்டு பிரஷரை ஏற்றும் ஒரு பரம்பரைக் கோளாறு. இந்தப் பெயரை ரிப்போர்ட்டில் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அரிய நோய், அதனால் தாமதம் என்று சொல்லித் தேற்றுகிறார்கள். பாதி நாள் போனது ஊசி, ஐஸ், மருந்துச்சீட்டு மாதிரிச் சில்லறை விஷயங்களில்தான். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வயது 26, பிரஷர் 170/110, மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை. ராத்திரியானால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இந்த வயதில் பிரஷரோடு பொட்டாசியமும் குறைவாக இருந்திருந்தால் டாக்டர் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார். ஆனால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 4.1. இருக்கவேண்டியது 3.5-லிருந்து 5 வரை. "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த 4.1 பொய். ரத்தம் எடுத்தவருக்கு நரம்பு அகப்படவில்லை. பட்டையை இறுகக் கட்டி, "மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று கையை வேலை வாங்கிக்கொண்டே இருந்தார். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்துக்கு வரும். போதாததற்கு, குழாயில் சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் பொட்டாசியமும் கொட்டிவிடும். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியுள்ளது', அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறது என்று போட்டுத்தான் இருந்தார்கள். நானும் படிக்கவில்லை, டாக்டரும் படிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு லேபில் எடுத்தபோது 2.8.

அதற்குப் பிறகு சிறுநீரக டாக்டர். முதல் கேள்வியே "அதிமதுரம் சாப்பிடறீங்களா?" சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதிமதுரத்தை அளவுக்கு மீறித் தின்றாலும் இதே மாதிரிப் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும் என்றார். நாட்டு மருந்து ஏதாவது எடுப்பவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

24 மணி நேரச் சிறுநீர் டெஸ்டில் தப்பு என்னுடையது. காலையில் முதல் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கேனில் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும்; மறுநாள் காலை முதல் சிறுநீரோடு முடிக்க வேண்டும். நான் இரண்டையும் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி ஒரு நாள் கேனும் கையுமாக இருந்தேன்.

ரெனின், ஆல்டோஸ்டிரோன் டெஸ்ட்தான் பெரிய கூத்து. ரெனின் சிறுநீரகம் விடுவது; அது தூண்டினால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற, உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கும். சில பிரஷர் மாத்திரைகளை வாரக்கணக்கில் நிறுத்தி, வேறு மாத்திரைக்கு மாறி, பொட்டாசியத்தையும் முதலில் ஏற்றிக்கொண்டு (அது குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைவாகவே காட்டும்) ஒருவழியாகப் போனேன். எடுத்த ரத்தத்தைப் பத்திரமாக ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். நல்லெண்ணம்தான். குளிரில் ரெனினின் முந்தைய வடிவமான புரோரெனின் ரெனினாக மாறி அளவு ஏறிவிடும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அத்தனை வாரத் தயாரிப்பும் குப்பைக்குப் போனது.

இரண்டாவது முறை ரெனின் அடிமட்டத்தில். ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்த விகிதத்தை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு 'அதிகம்' என்று சிவப்பில் காட்டியது. உடனே ஒரு டாக்டர் அட்ரீனல் கட்டி இருக்கலாம் என்று ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். ஒன்றும் இல்லை. ஆல்டோஸ்டிரோனே குறைவாக இருக்க, அதைவிடச் சின்ன எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகத்தானே வரும்? இதைப் பார்த்துச் சொன்னவர் சிறுநீரக டாக்டர். விகிதத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரை கொடுத்தும் பிரஷர் அசையாதபோது அவர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் போல வடிகட்டி, அதிலுள்ள சோடியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசிச் சில சதவீதம் உள்ளே வருவது ஈனாக் என்கிற சோடியம் சேனல் வழியாக. ஆல்டோஸ்டிரோன் சொன்னால் இந்த வாசல்கள் கூடும். வேலை முடிந்தால் நெட்4-2 என்ற புரதம் சேனலின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்து அப்புறப்படுத்தும். எனக்கு அந்த வால் பாதியிலேயே அறுந்திருக்கிறது. பிடிக்க இடமில்லாததால் வாசல் திறந்தது திறந்தபடி. சோடியம் உள்ளே வர வர, ரோம்க் என்கிற இன்னொரு சேனல் வழியாகப் பொட்டாசியம் வெளியே போகிறது. ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனின் உத்தரவைத் தடுக்கும் மருந்து. இங்கே உத்தரவுக்காக யார் காத்திருக்கிறார்கள்?

1963-ல் கிராண்ட் லிடில் விவரித்த முதல் நோயாளிக்கு 1989-ல் மாற்றுச் சிறுநீரகம் வைத்ததும் இந்தக் கோளாறு சரியாகிவிட்டதாம். குற்றவாளி அட்ரீனல் அல்ல, சிறுநீரகம்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மரபணு டெஸ்டில் முதலில் பணம் கட்டிய பேனலில் (ஒரே டெஸ்டில் பார்க்கும் மரபணுக்களின் பட்டியல்) என் மரபணுவே இல்லை. பணம் கட்டும் முன் எஸ்சிஎன்என்1பி, எஸ்சிஎன்என்1ஜி என்ற ஈனாக் சேனலின் மரபணுக்கள் இரண்டும் பட்டியலில் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அடுத்த பேனலில் முதல் மரபணுவிலேயே சிக்கியது.

மருந்து அமிலோரைடு. அது நேராகச் சேனலின் வாயை அடைக்கும். "இதைப் போட்டா பொட்டாசியம் மாத்திரை வேண்டாம், நிறுத்திடுங்க" என்றார் டாக்டர். நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் கணுக்கால் வீங்கியது, பொட்டாசியம் 2.7. அட்டையை எடுத்து வரச் சொன்னார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அது அம்லோடிபைன்! மருந்துக்கடைக்காரர் சீட்டை அவசரத்தில் படித்துக் கொடுத்திருக்கிறார். நான் ஏற்கெனவே வேறு கம்பெனிப் பெயரில் அம்லோடிபைன் போட்டுக்கொண்டிருந்தவன். ஆக, இரண்டு வாரமும் இரட்டை டோஸ். கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "ரெண்டும் பிரஷர் மாத்திரைதானே சார்" என்கிறார்.

அமிலோரைடு தனியாகக் கிடைப்பதும் லேசில்லை. பெரும்பாலும் இன்னொரு நீர்மாத்திரையோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பாதிப் பொருள் நமக்கு ஆகாதது, அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். தீருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பக்கமும் போகவேண்டாம். பல வகைகளில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அமிலோரைடோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். சாதா உப்பையே குறைப்பதுதான் வழி. குறைக்காவிட்டால் மருந்தும் சரியாகக் கேட்பதில்லை.

சரியான மாத்திரை போட்டு மூன்றாவது வாரம் பிரஷர் 128/82, பொட்டாசியம் 4.2. ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் அடியிலிருக்கும் பொடி எழுத்தைத்தான் படித்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர சரிபாதி வாய்ப்பு. அம்மாவுக்கு இருபது வருஷமாகப் பிரஷர். தம்பிக்கு நாளைக்குக் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். கையை மூடித் திறக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுடா என்று இரண்டு தடவை போன் பண்ணிவிட்டேன்.