பனிக்கரடிக்கு வந்தவர்கள் மூன்று பேர்

பிப்ரவரி 5, 2024, திங்கள்

மாணவர் கூட்டம் என்று அறிவித்தால் வந்தது மூன்று பேர். அதில் ஒருவன் பீட்சாவுக்காக வந்தவன். அதை அவனே சொன்னான்.

தப்பு என்மேல்தான். நோட்டீஸில் உருகுகிற பனிப்பாறை, அதன்மேல் ஒரு கரடி, கீழே 'காலநிலை நீதிக்கு மாணவர்கள் தேவை'. போதாக்குறைக்கு, நியூ ஆர்லியன்ஸில் இது கார்னிவல் வாரம். தெருவெல்லாம் பேண்டு வாத்தியம் போகும்போது கரடியை யார் பார்ப்பார்கள்?

நான் இங்கே மண் வேதியியல் எடுக்கிறேன். எங்களுடையது கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி, வெள்ளையர் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்காத காலத்தில் வந்தது. 1964க்கு முன் தொடங்கியவற்றைத்தான் சட்டம் இந்தப் பட்டியலில் சேர்க்கிறது. அமெரிக்கா முழுக்க நூறு போலத் தேறும், பெரும்பாலும் தெற்கே. அதிலும் எங்களைப் போலக் கடலையும் ஆற்றையும் ஒட்டி இருப்பவை, தாங்கள் படிக்கிற பாடத்திலேயே அவ்வப்போது மூழ்குகிறவை.

பீட்சா பையன் கிளம்பும்போது சொன்னான்: "சார், கரடிக்கு என்ன ஆகுதுன்னு எங்க பாட்டிக்குக் கவலை இல்ல. ஐடா புயல்ல போன கூரைக்கு இன்னும் நீலத் தார்ப்பாய்தான் போட்டிருக்காங்க."

பிப்ரவரி 16, வெள்ளி

நோட்டீஸை மாற்றினேன். படமே கிடையாது. 'ஐடா வந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?' என்ற ஒரே வரி. இருபத்தாறு பேர் வந்தார்கள். நாற்காலி பற்றவில்லை.

நான் ஒரு கணக்கை மறந்திருக்கிறேன். கத்ரீனா புயல் வந்தது 2005 ஆகஸ்ட் 29. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை. நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் கிடந்தது அவர்களுக்குப் பாட்டி கதை. சரியாக 16 வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 29, 2021இல் ஐடா வந்தது. அது அவர்களுடைய சொந்தப் புயல். ஊர் முழுக்க மின்சாரம் போய், அந்தப் புழுக்கத்தில் நாள்கணக்காகக் கிடந்தார்கள். ஒரு பெண், தாத்தாவின் ஆக்சிஜன் கருவிக்காகப் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்ததைச் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. எனக்குத்தான் என்னவோபோல் ஆகிவிட்டது.

அப்புறம் கோடாரிப் பேச்சு வந்தது. 1965இல் பெட்ஸி புயலில் தண்ணீர் ஏற ஏறப் பரணுக்குப் போனவர்கள் கூரையை உடைத்து வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து இந்த ஊர் வீடுகளில் பரணில் கோடாரி வைக்கிற வழக்கம். "உங்க வீட்டில் கோடாரி எங்கே இருக்கு?" என்று கேட்டேன். ஒன்பது கை உயர்ந்தது. நான் இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் வீட்டில் கிடையாது.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இந்த ஊரிலேயே பெவர்லி ரைட் 1992இல் சுற்றுச்சூழல் நீதிக்கென்று ஒரு மையம் தொடங்கினார். அவரும் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் புல்லார்டும் சேர்ந்து கறுப்பினக் கல்லூரிகளுக்கான காலநிலைக் கூட்டமைப்பை 2011இல் உண்டாக்கினார்கள். அதன் மாணவர் மாநாடு இங்கேதான் நடந்துவருகிறது. கல்லூரியும் ஊரும் சம பங்காளிகள் என்பது அவர்கள் முறை. 'கம்யூனிவர்சிட்டி' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். படித்துத் தலையாட்டியிருக்கிறேன். செய்து பார்த்ததில்லை.

மார்ச் 2, சனி

லோயர் நைன்த் வார்டு, ஊரின் கிழக்கோரத்துக் கறுப்பினக் குடியிருப்பு. பதினொரு பேர், இரண்டு வேன்.

வெள்ளத்தடுப்புக் கரையில் ஏறினால் மறுபக்கம் பையூ பியன்வெனு. பையூ என்றால் இங்கே மெதுவாக ஓடுகிற ஓடை. நாங்கள் பார்த்தது ஓடை மாதிரி இல்லை, ஏரி மாதிரி. நடுவில் மொட்டை மொட்டையாக சைப்ரஸ் மரக் கட்டைகள். ஒரு காலத்தில் இது நெருக்கமான சதுப்புக் காடு. 1960களில் கப்பல்களுக்குக் குறுக்குவழி என்று 76 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். நீளமான பெயரைச் சுருக்கி ஜனங்கள் அதை 'மிஸ்டர் கோ' என்கிறார்கள். அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்தது, நன்னீர் மரம் செத்தது. எதிர்பார்த்த அளவு கப்பல் வரவில்லை, உப்பு வந்துவிட்டது. புயல் அலையின் வேகத்தை மட்டுப்படுத்தும் காடு போய்விட்டதால் கத்ரீனா அன்று ஊர் மொட்டையாக நின்றது. 2009இல் பாறை போட்டுக் கால்வாயை அடைத்தார்கள். காடு திரும்பவில்லை.

உப்பு அளக்கும் கருவியை ஆளுக்கு ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்தோம். நாக்குக்குத் தெரியாத உப்பு அதில் கோடாகத் தெரிகிறது. அலபாமாவின் மொபீல் நகரத்திலிருந்து வந்த பெண் எழுந்து, "இந்த உப்புதான் எங்க சித்தப்பா வீட்டைத் தூக்கிட்டுப் போச்சா?" என்றாள். வேதியியல் வகுப்பில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

பக்கத்துத் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா, வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் போய் வணக்கம் சொன்னார்கள். பெட்ஸியின்போது கரையை வேண்டுமென்றே வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்றார். நான் அவசரப்பட்டு, "அதற்கு ஆதாரம் இல்லை" என்று திருத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "பேபி, 1927ல?" என்றார். (இந்த ஊர்ப் பாட்டிமார் எல்லோரையும் பேபி என்பார்கள், ஐம்பது வயதான என்னையும்.) வாயை மூடிக்கொண்டேன். 1927 உண்மை. மிசிசிப்பி வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காப்பாற்ற, பெரிய மனிதர்கள் சேர்ந்து கீழே கேர்னார்வனில் கரைக்கு டைனமைட் வைத்தார்கள். பக்கத்து மாவட்டங்களான செயின்ட் பெர்னார்டும் பிளாக்கமின்ஸும் மூழ்கின. ஒரு தடவை அப்படிச் செய்தவர்களை அடுத்த தடவை யார் நம்புவார்கள்? வேனில் திரும்பும்போது பிள்ளைகள் பேசியது முழுக்க இதைத்தான். உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மார்ச் 9, சனி

இரண்டே பேர். மற்றவர்களுக்கு வேலை: பர்கர் கடை, ஓட்டல் வரவேற்பு, தம்பியைப் பார்த்துக்கொள்வது. ஆர்வமில்லை என்று நினைத்துக் கோபப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டேன். இலவசமாகத் தொண்டு செய்ய சனிக்கிழமை சும்மா இருக்க வேண்டும். துறையின் சில்லறை நிதியிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று தருவதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். மேலிருப்பவர்கள் "பணம் கொடுத்தால் அது தொண்டா?" என்கிறார்கள். எனக்குச் சம்பளம் தருகிறார்களே, அது என்னவாம்?

மார்ச் 20, புதன்

பணம் வந்தது. பதினாறு பேர் வந்தார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்று அந்த அம்மாவின் தேவாலயக் கூடத்தில் பத்திரம் பார்க்கும் வேலை. வணிகவியல் படிக்கும் இரண்டு பேர் முதல்முறையாக எங்களோடு வந்தார்கள், சட்டம் தெரிந்த ஒரு தன்னார்வலரும். பாட்டன் கட்டிய வீடு, உயில் எழுதாமல் மகனுக்கு, மகன் எழுதாமல் பேரப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு. வரி கட்டுவது ஒருவர், குடியிருப்பது ஒருவர், பத்திரத்தில் பெயர் இறந்தவருடையது. கறுப்பினக் குடும்பங்களில் இது மிகச் சகஜம். புயலுக்குப் பிறகு நிவாரணம் கேட்டுப் போனால், வீடு உங்களுடையதா என்று முதல் கேள்வி. ஐடா அடித்த சில நாட்களில், 2021 செப்டம்பரில்தான், மத்திய பேரிடர் அமைப்பு இந்த விதியைத் தளர்த்தியது. அதுவரை எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்!

கத்ரீனாவுக்குப் பிந்தைய 'ரோடு ஹோம்' என்ற வீடு கட்ட உதவும் திட்டத்தையும் பலகையில் கணக்காகப் போட்டோம். உதவித் தொகை எவ்வளவு என்பதற்கு, பழுதுபார்க்கும் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது. கறுப்பினத் தெருவில் வீட்டு மதிப்பு குறைவு. பலகையும் ஆணியும் எல்லாத் தெருவிலும் ஒரே விலை. அதே அளவு சேதத்துக்கு ஒருவனுக்கு வீடு எழும்பும், இன்னொருவனுக்கு அடித்தளத்தோடு நிற்கும். வழக்கு போய் 2011இல் சமரசம் ஆனது. அதற்குள் பலர் புயலுக்குத் தப்பிப் போன ஹூஸ்டனிலேயே தங்கிவிட்டார்கள். வணிகவியல் பையன் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "இதை எழுதினவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றான்.

ஏப்ரல் 10, புதன்

காலையிலிருந்து கொட்டுகிறது. ஸ்லைடெல் பக்கம் சுழற்காற்று. வகுப்பு ரத்து. தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர்.

மத்தியானம் போனைத் திறந்தால் எங்கள் குழுவில் படங்கள் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் செங்குத்தாக நிற்கிறது: அடிக்கோல், துடைப்பம், ஒரு படத்தில் டிரம்பட். எவ்வளவு தண்ணீர் என்று காட்டுகிறார்களாம். நேரம், தெருப் பெயர் எல்லாம் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை. டிரம்பட் எத்தனை அங்குலம் என்று கேட்டேன். "சுமார் இருபது, சார். ஆனா அது நனையல, தூக்கிப் பிடிச்சிருந்தேன்" என்று பதில். அந்தப் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

வரைபடம் தயார். தண்ணீர் நின்ற தெருக்கள் நீலத்தில், வடிகால் வாய்கள் கறுப்புப் புள்ளியில். தேவாலயக் கூடத்தில் சுவரில் ஒட்டினோம். சிவப்பு பீன்ஸும் சோறும் போட்டார்கள்.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பேபி, இந்த வடிகால் தெருவுக்கு இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம்." மொபீல் பெண், தான் நேரில் போய்க் குறித்தது என்றாள். "நீ பார்த்தது புதுசு. அதுல தண்ணி இறங்காது. பழசு தார் ரோட்டுக்கு அடியில கிடக்கு. வா."

தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு படியிறங்கினார். ஆறேழு பேர் பேனாவும் டேப்பும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். நான் அரைத் தட்டு பீன்ஸோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.