நான்காம் வகுப்பு, மோன்சே மாவட்டம், தெற்கு ஜாம்பியா

ஜனவரி 29, 2024

இன்றும் பள்ளி திறக்கவில்லை. முதலில் ஜனவரி 8 என்றார்கள், பிறகு 29 என்றார்கள், இப்போது பிப்ரவரி 12 என்கிறார்கள். லுசாகாவில் காலரா தணியாததால் ஜாம்பியா முழுவதற்கும் ஒரே உத்தரவு. தலைநகரில் விளையாட்டரங்கு ஒன்றையே சிகிச்சை முகாமாக்கியிருக்கும்போது, இங்கே ஒருவருக்கும் நோயில்லை என்று தலைமையாசிரியரிடம் வாதிடுவதில் பொருளில்லை, ஆனாலும் வாதிட்டேன்.

பிப்ரவரி 4

மழை இல்லை.

பிப்ரவரி 12

மாமரத்தில் தொங்கும் லாரிச் சக்கர வளையத்தைக் கல்லால் அடித்து மணி ஒலித்தார்கள். நான்காம் வகுப்பில் எழுபது பேருக்கு மேல். 2022-இல் உயர்நிலை வரை கட்டணத்தை நீக்கியது நல்ல காரியம்தான். அதோடு பெஞ்சுகளையும் அனுப்பியிருக்கலாம்.

பிப்ரவரி 15

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று அச்சிட்ட ஒரே தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். மு. என்ற நான்காம் வகுப்புச் சிறுமி சொற்களைத் தடையின்றிப் படித்தாள். பத்திக்கு வந்ததும் ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் அழுத்தி நகர்த்தினாள். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். இரண்டாம் வாக்கியத்தை முடித்தபோது முதல் வாக்கியத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். வரும் ஜனவரியில் இவள் ஐந்தாம் வகுப்பு. அதுவரைதான் இவர்கள் வீட்டில் பேசும் டோங்கா மொழியில் பாடம், அதன் பிறகு எல்லாம் ஆங்கிலம்.

பிப்ரவரி 21

வகுப்பைப் பார்க்காமல், படிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கும் இந்த முறை மும்பைச் சேரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'பிரதம்' அமைப்பிலிருந்து இங்கு வந்தது. பா, பே, பி, போ, பு என்று அட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் கூவும்போது உயிர்மெய் வரிசை ஒப்பித்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. கணக்குக்குக் குச்சிகள்: பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டி, கடன் வாங்கும்போது கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கிற வேலைக்கு எப்போதும் அடிதடி. எல்லாம் சரி, ஆனால் இந்த ஒரு மணி நேர வாசிப்பு வகுப்பை வழக்கமான பாடங்கள் முடிந்த பிறகு வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் காலையிலும் சாப்பிடாமல் வந்தவர்கள். நண்பகலில் அவர்கள் அட்டையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 1

வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அதிபர் ஹிச்சிலேமா நேற்று அறிவித்துவிட்டார். 116 மாவட்டங்களில் 84 பாதிக்கப்பட்டிருக்கின்றன. 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் 10 லட்சம் போய்விட்டதாம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வயலில் ஒரு கதிரை உரித்துப் பார்த்தேன். பட்டுநூல் கருகி, ஏழெட்டு மணிகள் மட்டும் பிடித்திருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் சக்கை.

மார்ச் 5

மு. வரவில்லை.

மார்ச் 6

வரவில்லை. வருகைப் பதிவேட்டில் இவளுக்கு மட்டும் அல்ல, பக்கம் முழுவதும் புள்ளிகள். பயிற்சி போதவில்லை என்று அடுத்த கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், பதிவேட்டை அவர் முன்னால் வைக்கிறேன்.

மார்ச் 12

இளைஞர் தின விடுமுறை. மு.வின் வீட்டுக்குப் போனேன். பாட்டி 'சிப்வான்து' என்னும் மக்காச்சோளக் கூழைக் கோப்பை நிறையக் கொடுத்தார். இந்த ஆண்டில் அந்தக் கோப்பைக்கு என்ன விலை என்று தெரிந்தும் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அது வேறு அவமதிப்பு. பெண்ணுக்கு நோய் ஒன்றும் இல்லை, கையில் தானியம் இருந்த வாரத்தில் மாவு மில்லில் வரிசை பிடிக்கப் போயிருந்தாளாம்.

மார்ச் 15

தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். திங்கள் முதல் வாசிப்பு வகுப்பு காலையில், முதல் மணியிலேயே.

மார்ச் 19

காலை வகுப்பு வேறு வகுப்பாக இருக்கிறது! நேற்றுச் சுவரைப் பார்க்காத பிள்ளைகள் இன்றும் பார்க்கவில்லை. மு. முதல் பத்தியை முடித்து, அதில் வந்த ஆடு யாருடையது என்ற கேள்விக்குத் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

மார்ச் 22

நாளொன்றுக்கு 8 மணி நேர மின்வெட்டு. நீர்மின்சாரம் தரும் கரிபா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டது. சாலையோர மாவு மில் மின்சாரத்தில் ஓடுவது. இரவெல்லாம் இருட்டில் கிடந்து விடியற்காலையில்தான் இயங்குகிறதாம். அப்படியானால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முதல் மணிக்கு எப்படி வருவார்கள்? நான் நேரத்தை மாற்றிய வாரத்திலேயே மில்லும் நேரத்தை மாற்றியிருக்கிறது.

மார்ச் 26

மு. இல்லை. அவளோடு இன்னும் ஐந்து பெண் பிள்ளைகள். பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். மில்லுக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

ஏப்ரல் 2

ஈஸ்டர் விடுமுறை முடிந்தது. வானம் சுத்தமாக இருக்கிறது, இனிமேல் பெய்தாலும் பயிருக்கு உதவாது. மில் பிள்ளைகளுக்காக மட்டும் பத்து மணிக்கு இரண்டாவது குழு ஒன்று நடத்தலாம் என்று கேட்டேன். ஆசிரியர் ஒருவர்தான் இருக்கிறார் என்றார் தலைமையாசிரியர். நான் இருக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஏப்ரல் 3

சம்மதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை எல்லோரையும் மறுபடி சோதிக்க வேண்டும். தாள் போதாது, மோன்சே நகரத்தில் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து நகல் எடுத்து வர வேண்டும். மு.வின் அண்ணனைச் சந்தித்து, அன்று ஒரு நாளாவது மில்லில் நீ நில் என்று சொல்ல வேண்டும்.